அழுக்குச் சேரிப் பொடியன்கள்

போன மாதம் எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு வந்த கல்லூரி மாணவர் ஒருவர், மார்பில் டி.ஜி.கே. என்று பெரிய எழுத்துப் போட்ட டி-ஷர்ட் அணிந்திருந்தார். என்ன அர்த்தம் தோழர் என்று கேட்டோம். "ஏதோ அமெரிக்க பிராண்டு, பாரிமுனை பிளாட்பாரத்தில் 200 ரூபாய்" என்றார். அன்றைக்குப் பேச வேண்டிய தலைப்பு வேறு. ஆனால் அரை மணி நேரம் அந்தச் சட்டையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். அந்த மூன்று எழுத்துகள் ஒரு வசவின் சுருக்கம். 'டர்ட்டி கெட்டோ கிட்ஸ்'. நம் மொழியில் சொன்னால், அழுக்குச் சேரிப் பொடியன்கள்.

அமெரிக்காவின் பிலடெல்ஃபியா நகரத்தில் ஸ்டீவி வில்லியம்ஸ் என்ற கறுப்பினச் சிறுவனையும் அவன் கூட்டாளிகளையும் பார்த்து மற்ற ஸ்கேட்டர்கள் எறிந்த சொல் அது. பழைய சட்டை, தேய்ந்த ஷூ, யாரோ கழித்துப் போட்ட பலகை. அதற்காகக் கிடைத்த பட்டம். அந்தச் சிறுவன் வளர்ந்து, உலகம் அறிந்த தொழில்முறை ஸ்கேட்போர்டராகி, 2002இல் சொந்தமாக ஒரு நிறுவனம் தொடங்கியபோது அதற்கு வைத்த பெயர் இதுதான்.

வசவைப் பெயராக்கிக்கொள்வது நமக்குப் புதிதல்ல. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தன் பத்திரிகைக்குப் 'பறையன்' என்று பெயர் வைத்தார். எந்தச் சொல்லைக் கேட்டால் தலைகுனிய வேண்டும் என்று ஊர் எதிர்பார்த்ததோ, அந்தச் சொல்லையே அச்சில் ஏற்றி விற்றார். அயோத்திதாசப் பண்டிதர் அதற்கு நேர் எதிர்த் திசையில் போனார். அடுத்தவன் வைத்த இழிபெயரை நாம் ஏன் சுமக்க வேண்டும், நாம் பூர்வ பௌத்தர்கள் என்றார். இந்த விவாதம் நம்மிடம் இன்னும் முடியவில்லை. முடிய வேண்டும் என்றும் நாங்கள் நினைக்கவில்லை. ஸ்டீவி வில்லியம்ஸின் கதையைப் படிக்கும்போது இந்த இரண்டு குரல்களையும் காதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இளைஞர் ஒருவர் ஒரு விளையாட்டில் முன்னுக்கு வந்தார் என்றால் பத்திரிகைகள் உடனே திறமை, உழைப்பு, விடாமுயற்சி என்று எழுதும். உண்மைதான். ஆனால் அந்தத் திறமை எந்த இடத்தில் நின்று பழகியது, அந்த இடம் யாருடையது, அங்கே நிற்க யாருக்கு உரிமை இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. நாம் அங்கேயிருந்து தொடங்குவோம்.

ஸ்கேட்போர்டு கலிபோர்னியாவில் பிறந்தது. கடலில் அலை இல்லாத நாட்களில் அலைச்சறுக்கு விளையாடுபவர்கள் பலகையில் சக்கரம் பூட்டித் தெருவில் ஓட்டினார்கள். 1970களின் தொடக்கத்தில் யூரித்தேன் சக்கரம் வந்தது. அதற்கு முன் இருந்த இரும்பு, களிமண் சக்கரங்கள் சின்னக் கல் பட்டாலே ஆளைத் தூக்கி எறிந்தன. புதிய சக்கரம் தரையைப் பிடித்துக்கொண்டு ஓடியது. 1976, 77 ஆண்டுகளில் கலிபோர்னியாவில் கடும் வறட்சி. வீட்டுப் பின்புறங்களில் நீச்சல் குளங்கள் தண்ணீரின்றி வெறும் கிண்ணங்களாகக் கிடந்தன. பையன்கள் வேலி தாண்டிக் குதித்து அந்த வளைவுச் சுவர்களில் ஏறி இறங்கினார்கள். இன்றைய ஸ்கேட் பூங்காக்களின் வடிவம் அந்தக் குளங்களிலிருந்து வந்தது.

அந்தக் குளங்கள் யார் வீட்டில் இருந்தன? 1930களில் அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் அமைப்பு நகரங்களுக்கு வரைபடம் போட்டது. கறுப்பர்கள் வாழும் பகுதிகளுக்குச் சிவப்பு வண்ணம் பூசியது. சிவப்புக்குள் கடன் கிடைக்காது. புறநகரின் புதிய வீடுகளுக்குக் கடன் உண்டு, ஆனால் அந்த வீட்டைக் கறுப்பருக்கு விற்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். அப்படிப்பட்ட பத்திரங்களை நீதிமன்றம் மூலம் நிறைவேற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1948இல். அதற்குள் யார் எங்கே குடியிருப்பது என்பது பெருமளவு முடிவாகிவிட்டது. ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம் என்று அவர்களும் காகிதத்தில் கோடு போட்டுத்தான் செய்தார்கள். பொது நீச்சல் குளங்களில் கறுப்பர்களையும் அனுமதிக்க வேண்டும் என்று வந்தபோது, குளத்தையே மூடிவிட்ட நகரங்கள் உண்டு. மகாத் குளத்தின் தண்ணீரை 1927இல் பாபாசாகேப் அள்ளிக் குடித்த பிறகு, குளத்துக்குத் தீட்டுக் கழித்தவர்களின் வாரிசுகளான நமக்கு — மன்னிக்கவும், அவர்களின் அண்டை வீட்டுக்காரர்களான நமக்கு — இது விளக்க வேண்டிய செய்தி அல்ல.

ஆகவே ஸ்கேட்போர்டின் முதல் முகம் வெள்ளை முகமாக இருந்ததில் வியப்பில்லை. மார்ட்டி கிரைம்ஸ் போல 70களிலேயே பெயர் பெற்ற கறுப்பின ஸ்கேட்டர்கள் இருந்தார்கள். விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.

நிலைமையை மாற்றியது ஒரு காலசைவு. 'ஆலி' என்பார்கள். பலகையின் பின்முனையைக் காலால் தரையில் அடிக்க வேண்டும். பலகை மேலே எழும்பும் அதே நொடியில் முன்காலைப் பலகை மீது உரசி முன்னால் தள்ள வேண்டும். கை படாமல் பலகை காலோடு ஒட்டிக்கொண்டு வருவது போலிருக்கும். 70களின் இறுதியில் ஃப்ளோரிடாவில் ஆலன் கெல்ஃபாண்ட் இதை வளைவுச் சுவரில் செய்தார். சில ஆண்டுகளில் ராட்னி மல்லன் சமதரையில் செய்து காட்டினார். அதற்குப் பிறகு குளம் தேவையில்லை, சரிவு தேவையில்லை. படிக்கட்டு, நடைபாதை விளிம்பு, பூங்கா பெஞ்சு எல்லாமே விளையாட்டுத் தளம். இதே காலத்தில் காப்பீட்டுச் செலவு தாங்காமல் கட்டண ஸ்கேட் பூங்காக்கள் வரிசையாக மூடப்பட்டன. விளையாட்டு தெருவுக்கு வந்தது. தெருவில் ஏற்கெனவே யார் இருந்தார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

சான் பிரான்சிஸ்கோவில் ஜஸ்டின் ஹெர்மன் சதுக்கம், வாஷிங்டனில் ஃப்ரீடம் சதுக்கம், நியூயார்க்கில் புரூக்ளின் பாலத்தடி, பிலடெல்ஃபியாவில் லவ் பார்க். 90களில் இந்த விளையாட்டின் தலைநகரங்கள் இவைதான். பெரும்பாலும் அரசுப் பணத்தில் கட்டிய நகர்மையச் சதுக்கங்கள். அந்தச் சதுக்கங்களின் கதையையும் கொஞ்சம் தோண்ட வேண்டும். ஜஸ்டின் ஹெர்மன் என்பவர் சான் பிரான்சிஸ்கோவின் நகர்ப் புதுப்பிப்பு அதிகாரி. ஃபில்மோர் என்ற கறுப்பின மக்களின் பகுதியை இடித்துத் தள்ளியவர். நகர்ப் புதுப்பிப்பு என்றால் கறுப்பர் அகற்றம் என்றுதான் பொருள் என ஜேம்ஸ் பால்ட்வின் 1963இல் சொன்னது அந்த நகரத்தைப் பார்த்துத்தான். கூவம் கரையிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் லாரியில் ஏற்றி அனுப்பப்பட்டவர்களின் பிள்ளைகள் இந்தக் கட்டுரையைப் படிப்பீர்கள். உங்களுக்கு அந்த மொழிபெயர்ப்பு தேவைப்படாது.

இனி பிலடெல்ஃபியா.

ஸ்டீவி வில்லியம்ஸ் 1979 டிசம்பர் 17இல் அந்த நகரத்தில் பிறந்தார். அவருக்கு ஐந்து வயது நடந்துகொண்டிருந்தபோது, 1985 மே 13 அன்று, நகரக் காவல்துறை ஹெலிகாப்டரிலிருந்து ஒரு வீட்டின் மீது வெடிகுண்டு போட்டது. மூவ் என்ற கறுப்பின அமைப்பினர் இருந்த வீடு அது. 11 பேர் இறந்தார்கள், அவர்களில் 5 பேர் குழந்தைகள். தீயை உடனே அணைக்காமல் எரியவிட்டார்கள். 61 வீடுகள் சாம்பலாயின. அப்போது மேயராக இருந்தவர் வில்சன் கூட். அந்த நகரத்தின் முதல் கறுப்பின மேயர்.

கொஞ்சம் பின்னால் போனால் இன்னொரு காட்சி. 1970 ஆகஸ்ட் இறுதியில் பிலடெல்ஃபியா காவல்துறை பிளாக் பேந்தர் அலுவலகங்களில் புகுந்து, தோழர்களைத் தெருவில் சுவரோரம் நிறுத்தி, பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் முன்னால் ஆடைகளைக் களைய வைத்தது. காவல்துறைத் தலைவர் ஃபிராங்க் ரிட்ஸோ. அதற்குப் பரிசு போல, பிறகு எட்டு ஆண்டுகள் மேயர் பதவி. அந்தப் பேந்தர்களின் பெயரைத்தான் 1972இல் பம்பாயில் நாம்தேவ் தசாலும் ஜே.வி. பவாரும் ராஜா டாலேயும் எடுத்துக்கொண்டு தலித் பேந்தர்ஸ் தொடங்கினார்கள். தெருவில் ஆடை களையப்பட்டவர்களின் பெயரை நாம் எதற்காகச் சுமந்தோம் என்பதை மறந்துவிட்டு, சிறுத்தை என்றால் வெறும் சுவரொட்டிப் படம் என்று நினைக்கும் தம்பிகளுக்காக இதை இங்கே சொல்கிறோம்.

லவ் பார்க் என்பது செல்லப்பெயர். அரசு ஏட்டில் அது ஜான் எஃப். கென்னடி சதுக்கம். நகர மன்றக் கட்டடத்துக்கு எதிரே, 1965இல், கீழே கார் நிறுத்துமிடமும் மேலே பூங்காவுமாகக் கட்டப்பட்டது. நகர்த் திட்டத் தலைவர் எட்மண்ட் பேக்கன், கட்டடக் கலைஞர் வின்சென்ட் கிளிங். ராபர்ட் இண்டியானா செய்த 'லவ்' என்ற சிவப்பு எழுத்துச் சிற்பம் பின்னால் வந்து சேர்ந்தது. பூங்கா என்று பெயரே தவிரப் பெரும்பகுதி கல்தான். அடுக்கடுக்கான கிரானைட் படிகள், பலகையின் அச்சு உரசி வழுக்கிக்கொண்டு போக வாகான விளிம்புள்ள திண்ணைகள், நடுவில் பெரிய நீரூற்று. நீரூற்றில் தண்ணீர் இல்லாத நாட்களில் படிகளுக்கு மேலிருந்து அந்தப் பள்ளத்துக்குத் தாவுவது ஸ்கேட்டர்களுக்குப் பெரிய சவால். அலுவலக நேரம் முடிந்தால் அந்தச் சதுக்கத்தில் மிஞ்சுகிறவர்கள் வீடற்றவர்களும் ஸ்கேட்டர்களும்தான். இவர்கள் ஒருவரையொருவர் விரட்டவில்லை. இருவரையும் போலீஸ்தான் விரட்டியது.

ஸ்டீவி அங்கே வந்தபோது இன்னும் பதின்வயதைத் தொடாத சிறுவன். பணம் இல்லை. ஆனால் அந்தக் கல்தளம் இலவசம். பயிற்சியாளர் இல்லை, நுழைவுக் கட்டணம் இல்லை, உறுப்பினர் அட்டை இல்லை, சிபாரிசுக் கடிதம் இல்லை. கிரிக்கெட் மட்டையைக் கையில் எடுக்க நம் பிள்ளைகளுக்கு எத்தனை கதவு என்று எண்ணிப் பாருங்கள். அங்கே கதவே இல்லாத ஓர் இடம் இருந்தது. ஒரு விளையாட்டின் உச்சத்துக்கு ஒரு சேரிப் பையன் போனான் என்றால், அவன் காலுக்குக் கீழே இருந்த அந்தப் பொதுக்கல்லுக்கும் அதில் பங்கு உண்டு.

பதின்வயதிலேயே வீட்டை விட்டுக் கிளம்பி கலிபோர்னியா போனார். விளையாட்டின் பணமும் பத்திரிகைகளும் நிறுவனங்களும் அங்கேதான் இருந்தன. அங்கே அவர் பட்ட பாட்டைப் பெருமையாக விவரிக்க எங்களுக்கு விருப்பமில்லை. வறுமையைச் சாதனையின் அலங்காரமாக்கும் எழுத்து நம்மிடம் போதுமான அளவு இருக்கிறது. 90களின் பிற்பகுதியில் பிலடெல்ஃபியா திரும்பினார். ஜாஷ் கேலிஸ் என்ற வெள்ளை இளைஞர் அவருக்கு நெருங்கிய தோழர். இருவரும் லவ் பார்க்கில் எடுத்த வீடியோக் காட்சிகள் உலகமெங்கும் போயின. ஸ்டீவியின் ஆட்டத்தில் அவசரம் கிடையாது. கடினமான சுழற்சியைச் செய்துவிட்டு, தெருவில் காலாற நடப்பவர் போல அடுத்த திண்ணைக்குப் போவார். தொளதொள பேண்ட், புத்தம்புது வெள்ளை ஷூ, தலையில் சாய்ந்த தொப்பி. கந்தல் கட்டியவன் என்று திட்டு வாங்கியவர் உடையில் காட்டிய கவனத்தைக் கேலி செய்தவர்கள் உண்டு. கோட்டும் சூட்டும் போட்ட பாபாசாகேபின் சிலையைப் பார்த்து வளர்ந்த நமக்கு அது வேறு மாதிரிதான் தெரியும்.

சாக்லேட் என்ற புகழ்பெற்ற பலகை நிறுவனம் அவரைத் தன் அணியில் சேர்த்தது. டி.சி. ஷூஸ் அவர் பெயரில் ஷூ வெளியிட்டது. அந்த நிலையில் ஒரு விளையாட்டு வீரர் பொதுவாக என்ன செய்வார்? இருக்கும் இடத்தில் இருந்துகொள்வார். ஸ்டீவி 2002இல் டி.ஜி.கே. தொடங்கினார். ஸ்கேட்போர்டு தொழிலில் வீரருக்குக் கிடைப்பது அவர் பெயர் பொறித்த பலகை விற்பனையில் ஒரு சிறு பங்கு மட்டுமே. பெரும் பணம் நிறுவன உரிமையாளருக்கு. உரிமையாளர்களில் கறுப்பர்கள் அரிது. கரீம் கேம்பெல் போன்றோர் ஏற்கெனவே அந்தக் கதவைத் தட்டியிருந்தார்கள். ஸ்டீவி உள்ளே நுழைந்து, தன்னைப் போன்ற தெருப்பையன்களை அணியில் சேர்த்தார். சில ஆண்டுகளில் ரீபாக் நிறுவனம் அவரோடு ஒப்பந்தம் போட்டது.

இதில் எங்களுக்குள் ஒரு கருத்து வேறுபாடு இருக்கிறது. எங்களில் சிலர், வசவை விற்பனைச் சரக்காக்கி, அதே வசவை எறிந்த புறநகர்ப் பையன்களுக்கே சட்டையாகப் போட்டுவிடுவதில் என்ன விடுதலை இருக்கிறது என்று கேட்கிறார்கள். சேரியில் ஒருநாளும் படுத்துறங்காதவன் சேரிப் பையன் என்று எழுதிக்கொண்டு திரிவது அலங்காரமில்லையா? நியாயமான கேள்வி. மற்றவர்கள் சொல்வது, அந்தச் சொல்லால் வரும் லாபம் யார் கைக்குப் போகிறது என்பதும் ஒரு கேள்விதான் என்று. பறையை மேடையில் அடிப்பதற்கு இன்று பலரும் வருகிறார்கள், மேடைக்கான காசோலை யார் பெயரில் எழுதப்படுகிறது என்று பார்க்கச் சொல்கிறார்கள். எங்களால் இன்னும் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

ஸ்டீவி மேலே ஏறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் அவர் நின்று பழகிய கல்லுக்கு நகரம் தடை போட்டது. அபராதச் சீட்டு, பலகை பறிமுதல், துரத்தல். 2000இல் வந்த 'டோனி ஹாக் ப்ரோ ஸ்கேட்டர் 2' என்ற வீடியோ விளையாட்டில் பிலடெல்ஃபியா ஒரு களம். எந்த நாட்டுச் சிறுவனும் தன் வீட்டில் உட்கார்ந்து அந்த நகரத்தில் ஸ்கேட் செய்யலாம், பிலடெல்ஃபியாக்காரன் செய்தால் குற்றம். 2001, 2002 ஆண்டுகளில் எக்ஸ் கேம்ஸ் என்ற பெரிய போட்டியை அந்த நகரம் வரவேற்று நடத்தியது. நகரத்தின் விளம்பரத்துக்கு ஸ்கேட்டர் தேவைப்பட்டார். போட்டி முடிந்ததும் அவர் சதுக்கத்தில் நிற்கக் கூடாது.

2002இல் லவ் பார்க்கைப் புதுப்பிக்கிறோம் என்று கிரானைட் திண்ணைகளை எடுத்துவிட்டு மரப் பெஞ்சும் புல்தரையும் பூந்தொட்டிகளும் வைத்தார்கள். உத்தரவிட்ட மேயர் ஜான் ஸ்ட்ரீட். அவரும் கறுப்பினத்தவர். நம்மில் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்தால் போதும் என்று நினைப்பவர்கள் வில்சன் கூட்டையும் ஜான் ஸ்ட்ரீட்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். குண்டையும் பூந்தொட்டியையும் ஒரே தராசில் வைக்கவில்லை. ஆனால் இரண்டிலும் கையெழுத்து யாருடையது என்பது மட்டும் பதில் ஆகிவிடவில்லை. பூனா ஒப்பந்தத்துக்குப் பிறகு தனித்தொகுதியில் நின்று ஜெயித்து வந்தவர்களிடம் நாம் பட்ட அனுபவம் இதைத்தான் சொல்கிறது.

அந்த அக்டோபரில் ஒரு வேடிக்கை நடந்தது. பூங்காவைத் திட்டமிட்ட எட்மண்ட் பேக்கன், 92 வயதில், தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் ஆள் தாங்கிப் பிடிக்க, செய்தியாளர்கள் முன்னால் லவ் பார்க்கில் ஸ்கேட்போர்டில் ஏறி நின்றார். மேயரின் தடையை மீறுகிறேன் என்று அறிவித்தார். அழகான படம். ஸ்கேட்டர்கள் அவரை இன்றும் கொண்டாடுகிறார்கள். நாங்கள் முழுதாகக் கொண்டாட மாட்டோம். இதே பேக்கன் காலத்துப் புதுப்பிப்பில்தான் சொசைட்டி ஹில் பகுதியிலிருந்து ஏழைகளும் கறுப்பினக் குடும்பங்களும் வெளியேற்றப்பட்டார்கள். தெற்குப் பிலடெல்ஃபியாவின் கறுப்பினத் தெருக்களை அழித்துப் போக இருந்த விரைவுச் சாலைத் திட்டமும் அவர் காலத்தது. அதை மக்கள் போராடி நிறுத்தினார்கள். அவர்களுக்கு அப்போது தடையை மீறித் தோள்கொடுக்க எந்த நகர்த் திட்டத் தலைவரும் வரவில்லை.

2004இல் டி.சி. ஷூஸ், பூங்காவின் பராமரிப்புக்கு 10 லட்சம் டாலர் தருகிறோம், தடையை நீக்குங்கள் என்றது. நகரம் மறுத்துவிட்டது. 2016 பிப்ரவரியில் மொத்தமாக இடிப்பதற்கு முன், புதிய மேயர் ஜிம் கென்னி சில நாட்கள் மட்டும் ஸ்கேட் செய்யலாம் என்று அனுமதித்தார். உறைய வைக்கும் குளிரில் கூட்டம் வந்தது. சாகப்போகிற வீட்டுக்கு உறவு வருவது போல.

இந்தக் கதையில் பெண்கள் எங்கே என்று வாசிப்பு வட்டத்தில் ஒரு தோழி கேட்டார். லவ் பார்க் வீடியோக்களில் பெண்களைக் காண்பது அரிது. திறந்த கல் எல்லோருக்கும் திறந்ததல்ல. அவருக்குப் பதிலாக நாங்கள் சொன்னது வேறு ஊர்க் கதை. மத்தியப் பிரதேசம் பன்னா மாவட்டத்தில் ஜன்வார் என்ற கிராமம். ஆதிவாசிகளும் யாதவர்களும் வாழும் ஊர். 2015இல் உல்ரிக்கே ரைன்ஹார்ட் என்ற ஜெர்மன் பெண்மணி அங்கே ஒரு ஸ்கேட் பூங்கா கட்டினார். விதிகள் இரண்டுதான். பள்ளிக்குப் போகாவிட்டால் பலகை இல்லை. பெண் பிள்ளைகளுக்கே முதலிடம். அந்த ஊரின் கோண்டு ஆதிவாசிப் பெண் ஆஷா கோண்ட், 2018இல் சீனாவின் நான்ஜிங்கில் நடந்த உலகப் போட்டியில் கலந்துகொண்டார். சாதி பார்த்து ஒதுங்கும் ஊரில், ஒரே சரிவில் இறங்கும் பிள்ளைகள் விழும்போது கையைப் பிடித்துத்தான் தூக்க வேண்டியிருக்கிறது. பூங்காவை வெளிநாட்டவர் கட்டினார் என்பதும், பஞ்சாயத்து கட்டவில்லை என்பதும் சேர்த்தே குறித்துக்கொள்ள வேண்டியவை.

லவ் பார்க்குக்குத் தெரு தாண்டி எதிரே நகராட்சி அலுவலகக் கட்டடம் இருக்கிறது. அதன் முன்னால் தாமஸ் பெய்ன் பெயரில் ஒரு சதுக்கம். அங்கே 1999 முதல் ஃபிராங்க் ரிட்ஸோவின் வெண்கலச் சிலை கை உயர்த்தி நின்றது. ஸ்டீவியும் கூட்டாளிகளும் லவ் பார்க்கில் போலீசுக்குப் பயந்து ஓடிக்கொண்டிருந்த ஆண்டுகளில், தெருவின் மறுபக்கம் அந்தக் கை தூக்கியபடி இருந்தது. லவ் பார்க் போன பிறகு ஸ்கேட்டர்கள் அந்தச் சதுக்கத்துக்கு இடம் மாறினார்கள். 2020இல் ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொலைக்கு எதிரான போராட்டங்களின்போது மக்கள் அந்தச் சிலையைக் கயிறு கட்டி இழுத்துப் பார்த்தார்கள், விழவில்லை. ஜூன் 3 அன்று, விடியும் முன், நகர நிர்வாகமே ஆள் வைத்து அதைத் தூக்கிக்கொண்டு போனது.